ரவிக்கை மாதிரிக்கு ஏழரை பிடிச்சிருக்கு: வெட்டுற மெஷின் தெரிஞ்சவங்க உதவுங்க

ஆயர் ஈத்தாம் ஊசிநூல் எழுதியது:

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாம்ல ஒரு ஃபிளாட்டுல இருக்கேன். 19 வருஷமா வீட்டுலயே சேலை ரவிக்கை தைக்கிறேன். கடை இல்ல, போர்டு இல்ல, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வர்றதுதான். தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே எங்க வீட்டு சோபாவைத் தேடணும், அவ்வளவு துணிப் பை.

போன வருஷத்துல இருந்து கத்தரியைப் பிடிச்சா வலது கட்டை விரல் மூட்டு குத்துது. அதைப் பார்த்துட்டு கோலாலம்பூர்ல வேலை செய்ற என் மகன் லீவுல வரும்போது கிரிகட் மேக்கர் மெஷின் ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டான். ஸ்டிக்கரும் வாழ்த்து அட்டையும் வெட்டுற சாமான்னுதான் நான் நினைச்சிருந்தேன். "இல்லம்மா, இதுல உருளுற கத்தி இருக்கு, துணியே வெட்டும், நீங்க பட்டனைத் தட்டினா போதும்"னான். தட்டினேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க அம்மா வெட்டி வச்ச ரவிக்கை மாதிரி ஒண்ணு என்கிட்ட இருக்கு, பழைய தமிழ் நேசன் பேப்பர்ல வெட்டினது. நேசன் 2019ல நின்னு போச்சு, மாதிரி மட்டும் இன்னும் ஓடுது. ஆனா மடிச்ச இடமெல்லாம் பொடியாகுது. 36 மார்புக்கு அதுல இருக்கிற கைக்குழி வளைவை நான் வேற எங்கேயும் பார்த்ததில்ல, கையைத் தூக்கினா ரவிக்கை கூட ஏறாது. அது போயிடுமேன்னு பயந்து சித்தி மககிட்ட கொடுத்தேன். அவளுக்கு கம்ப்யூட்டர்ல படம் வரையிற வேலை. இல்லஸ்ட்ரேட்டர்ங்கிற படம் வரையிற மென்பொருள்ல அச்சு அசலா வரைஞ்சு எஸ்விஜிங்கிற கோட்டுப்படக் கோப்பா அனுப்பினா. என் மகன் அதை இங்க்ஸ்கேப்ங்கிற இன்னொரு மென்பொருள்ல திறந்து, டார்ட் (உடம்புக்குப் பொருந்த மடிச்சுத் தைக்கிற இடம்) கோடு சேர்த்து, மெஷினுக்கு ஏத்தினான்.

லைனிங் பாப்ளின் ஒரு மீட்டர் எடுத்து இஸ்திரி போட்டு, பசை இருக்கிற அந்த ரோஸ் கலர் மேட்ல ஒட்டி மெஷினுக்குள்ள விட்டேன். வெட்டுன்னா அப்படி ஒரு சுத்தம், ஓரத்துல ஒரு பிசிறு இல்ல. பிரிச்சு எடுத்துப் பார்த்தா பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடப் பத்தாது! டேப் வச்சேன். முன் பீஸ் அகலம் 10 அங்குலம் இருக்கணும், 7½ இருக்கு. நீளம் 14 இருக்கணும், 10½ இருக்கு. எனக்குத்தான் ஏழரை நடக்குதுன்னு ஜோசியர் சொன்னார், என் ரவிக்கைக்குமா?

மகன் திரும்பிப் போயிட்டான், போன்ல கேட்டா "ஃபைல் சரியாத்தான்மா இருந்துச்சு"ங்கிறான். சித்தி மகளும் அதையேதான் சொல்றா. அப்போ யார் தப்பு? இன்னொண்ணு, பின் பீஸை நாம துணியை மடிச்சுப் போட்டுத்தானே வெட்டுவோம், மேட்ல மடிச்ச துணியை எப்படி ஒட்டுறது? பட்டுத் துணியை இதுல வைக்கலாமா? திட்டாம சொல்லுங்க.


கோட்டுக்காரன் (செராஸ்) எழுதியது:

அக்கா, ரெண்டு பேரும் பொய் சொல்லல. மெஷினும் சொன்னதைத்தான் வெட்டியிருக்கு.

நான் கட்டட வரைபடம் வரையிறவன். மனைவி தைக்கிறாங்க, அவங்களுக்கு மெஷின் ஓட்டுற வேலை என் தலையில. நீங்க அளந்து எழுதினது நல்லதாப் போச்சு. 10க்கு 7½, 14க்கு 10½. ரெண்டுமே சரியா முக்கால் பங்கு. ஏதோ கோணல்மாணலா சுருங்கியிருந்தா துணி இழுத்துச்சா, மேட் நகர்ந்துச்சான்னு தேடணும். எல்லாப் பக்கமும் ஒரே முக்கால்னா அது கணக்குச் சிக்கல்.

எஸ்விஜி கோப்புக்குள்ள பல நேரம் அங்குலமும் கிடையாது, சென்டிமீட்டரும் கிடையாது, வெறும் புள்ளிதான். எத்தனை புள்ளி சேர்ந்தா ஒரு அங்குலம்னு ஒவ்வொரு மென்பொருளும் தானே வச்சுக்கும். இல்லஸ்ட்ரேட்டர் 72னு எண்ணும், இங்க்ஸ்கேப் 96னு எண்ணும். உங்க 10 அங்குலத்தை அங்க 720 புள்ளியா எழுதியிருக்கும். இங்க திறக்கும்போது 720ஐ 96ஆல வகுத்தா 7½. சனி பகவானை விட்டுடுங்க.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. இங்க்ஸ்கேப்பே 2017 வரைக்கும் 90னு எண்ணிக்கிட்டிருந்துச்சு, 0.92 பதிப்புலதான் 96க்கு மாறினாங்க. 90ல வரைஞ்ச கோப்பை 96னு எண்ணுற இடத்துல அப்படியே ஏத்தினா 10 அங்குலம் 9⅜ ஆயிடும். உங்களுக்கு வந்த முக்கால் பார்த்த உடனே கண்ணுல அடிக்கும், இது அடிக்காது. 36 ரவிக்கை 33¾ ஆகி, வாடிக்கையாளர் ஹூக் போடும்போதுதான் வெளிய வரும். இணையத்துல கிடைக்கிற பழைய இலவச மாதிரிகளை எடுக்கும்போது இதை ஞாபகம் வச்சுக்குங்க.

சரி பண்றது சுலபம். இங்க்ஸ்கேப்ல எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து, அகலமும் உயரமும் சேர்ந்தே மாறுற மாதிரி பூட்டைப் போட்டு, 133.33 சதவீதம் பெரிசாக்கச் சொல்லுங்க. அதோட, கோப்பு மூலையில 2 அங்குலச் சதுரம் ஒண்ணு வரைஞ்சு வைக்கணும். மெஷினை ஓட்டுற டிசைன் ஸ்பேஸ் மென்பொருள்ல ஏத்தினதும் அந்தச் சதுரத்தைத் தொட்டா அகலம் உயரம் காட்டும். 2 வந்தா வெட்டுங்க, 1½ வந்தா நிறுத்துங்க. தாள்ல அச்சடிக்கிற மாதிரிகள்லயும் இதே சோதனைச் சதுரம்தான் இருக்கும். ஆனா அச்சடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து"ங்கிறதை விட்டுட்டு, 100 சதவீதம்னு கொடுக்கணும். பிடிஎஃப் மாதிரி வாங்கினா இங்க்ஸ்கேப்ல திறந்து எஸ்விஜியா மாத்திட்டு ஏத்துங்க.

டார்ட் கோடு பத்தியும் சொல்லிடறேன், அடுத்து நீங்க அங்கதான் வழுக்குவீங்க. மெஷின்ல ரெண்டு பிடி இருக்கில்ல, ஒண்ணுல பேனா, ஒண்ணுல கத்தி. டார்ட்டை வரையிற கோடுன்னு மாத்திட்டு, பீஸோட சேர்த்துத் தேர்ந்தெடுத்து "அட்டாச்" கொடுத்தே ஆகணும். நான் ஒரு தடவை மறந்துட்டேன். பீஸ் ஒரு பக்கம், டார்ட் எல்லாம் மேட் மூலையில கூட்டமா நிக்குது, ஏதோ பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில காணாமப் போன பிள்ளைங்க மாதிரி. இன்னொண்ணு, ரெண்டு கைக்கு ஒரே பீஸை ரெண்டு தடவை வெட்டினா ரெண்டும் இடது கைதான். ஒண்ணைத் திருப்பிப் போடணும். மனைவிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதாலதான் இவ்வளவு தெளிவா எழுதறேன்.


செந்தூல் பெரியக்கா எழுதியது:

தம்பி கணக்கு நல்லாச் சொல்லிட்டார். நான் தையலைச் சொல்றேன் தங்கச்சி.

31 வருஷம் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மாடிக் கடையில கட்டிங் மாஸ்டரா இருந்தேன். பொம்பளை கட்டிங் மாஸ்டரான்னு கேட்டவங்களுக்கெல்லாம் கத்தரியைத்தான் காட்டினேன். இப்போ வீட்டுல இருக்கேன், மருமக அதே மெஷினை வச்சிருக்கா. அதனால ரெண்டையும் தெரிஞ்சுதான் பேசறேன்.

அதைத் துணி வெட்ட வைக்காதே. அட்டை வெட்ட வை.

ஏன்னு கேளு. பெரிய மேட்டே 12க்கு 24தான், அதுல வெட்டக் கிடைக்கிறது 11½க்கு 23½. நீ ரவிக்கைக்கு மடிப்புல வச்சு வெட்டுற பின் பீஸ் விரிச்சா 20 அங்குலத்துக்கு மேல போகும், உயரம் 14. எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்காராது. மடிச்ச துணியை ஒட்டினா அடித் துணி மட்டும் மேட்டைப் பிடிச்சுக்கும், மேல் துணி கத்தியோட நடந்து போகும். நடுவுல வெட்டி ரெண்டா எடுக்கலாம்னா பின்னாடி தேவையில்லாத ஒரு தையல் விழும், டிஷ்யூ துணியில அது அசிங்கமாத் தெரியும். ஆனா அரைப் பின் பீஸ் அட்டையா? தாராளமா உட்காரும். அந்த அட்டையை மடிச்ச துணி மேல வச்சு சாக்பீஸால கோடு போட்டுக்கோ. கை பீஸ் மட்டும் முழுசா மேட்ல அடங்கும், 14க்கு 10தானே.

அட்டைக்கு எங்கேயும் அலைய வேண்டாம், பிள்ளைங்க பள்ளிக்கூட வேலைக்கு வாங்குற மணிலா அட்டையே போதும். வலுவா வேணும்னா ரெண்டை ஒட்டிக்கோ, வெட்டினதுக்கு அப்புறம் ஒட்டு. துணி கத்தியை அட்டைக்குப் போட்டுடாதே, அட்டைக்கு அதோட வந்த சாதாரண முனைக் கத்தி.

இப்போ முக்கியமானது. தையல் இடம் சேர்த்து அட்டை வெட்டாதே. 36க்குக் கால் பங்கு 9, லூஸ் ½, பக்கத் தையல்ல அப்புறமா பிரிச்சு விட 1½, ஆக 11. மேட்ல அடங்கிடும். 40 மார்பு வந்தா? 10, ½, 1½. 12 ஆச்சு, மேட் பத்தாது. நம்ம ஜனங்கள்ல 40க்கு மேலதானே பாதி ஆர்டர். தையல் கோட்டுலேயே அட்டையை நிறுத்திட்டா 44 வரைக்கும் 11½ல அடங்கும். தையல் இடத்தைத் துணி மேல நீ கையால விடு, எந்தப் பொம்பளை குண்டாவா, எவ ஜிம்முக்குப் போவான்னு உனக்குத்தானே தெரியும். மெஷினுக்கு என்ன தெரியும்?

பட்டா? வேண்டவே வேண்டாம். மேட் பசையில இருந்து உரிக்கும்போது ஜரிகை இழை தூக்கிக்கும். வாடிக்கையாளர் அந்தச் சேலையோட வர்ற துணிதான் கொடுப்பாங்க, 80 சென்டிமீட்டர், போச்சுன்னா வேற எங்க தேடுவே? நேர் இழை பார்த்து வைக்கிறதும் அதுக்குத் தெரியாது. இடம் மிச்சம் பண்ணணும்னு பீஸை அதுவே அடுக்கும்.

கட்டை விரலுக்கு வர்றேன். மெஷின் வாங்கித் தந்த பிள்ளையைக் குறை சொல்லல, நல்ல பிள்ளை. ஆனா உன் கத்தரியை எப்போ சாணை பிடிச்சே? துணிக் கத்தரியால பேப்பர் வெட்டுறியா? உண்மையைச் சொல்லு. வெட்டும்போது கத்தரியோட கீழ் அலகு மேசையில படுத்துக்கிட்டே போகணும், தூக்கித் தூக்கி வெட்டினா முழுப் பாரமும் விரல்லதான்.


ஆயர் ஈத்தாம் ஊசிநூல் எழுதியது:

பெரியக்கா, பிடிச்சுட்டீங்க. பிரவுன் பேப்பர், நியூஸ் பேப்பர், மாவு பாக்கெட், எல்லாம் அதே கத்தரிதான். சாணை பிடிச்சது நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியா, அதுக்கு முந்தின நோன்புப் பெருநாளான்னு ஞாபகம் இல்ல.

தம்பி சொன்ன சதுரத்தை மகன்கிட்ட சொல்லிட்டேன். "ஓ, யூனிட்டா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். ஒரு மீட்டர் பாப்ளின் எனக்குத்தானே போச்சு.


பட்டர்வொர்த் பாவாடை எழுதியது:

அக்கா, இக்கரையில இருந்து ஒரு வார்த்தை. நான் பிள்ளைங்க பாவாடை சட்டையும் பரதநாட்டிய உடுப்பும் தைக்கிறேன். என்கிட்ட இருக்கிற வெட்டுற மெஷின் பிரதர் ஸ்கேன்என்கட். அதுல மேலேயே ஸ்கேனர் இருக்கு, கையால வரைஞ்ச மாதிரியை மேட்ல ஒட்டி உள்ள விட்டா, அதுவே ஓரத்தைப் பிடிச்சு வெட்டுற கோடா மாத்திக்கும். கம்ப்யூட்டர் வேணாம், 72 வேணாம், 96 வேணாம். தையல் இடம் சேர்க்கிற வசதியும் உள்ளேயே இருக்கு. புதுசா வாங்கச் சொல்லல, இருக்கிறதை வச்சு ஓட்டுங்க. ஆனா உங்க அம்மா மாதிரியை அழியாம எடுத்து வைக்கணும்னா ஒரு நாள் ஃபெர்ரி ஏறி வாங்க, ஸ்கேன் பண்ணித் தர்றேன். ஒண்ணு மட்டும், நேசன் பேப்பரை அப்படியே உள்ள விட்டா அதுல இருக்கிற எழுத்து, படம், விளம்பரம் எல்லாத்தையும் ஓரம்னு நினைச்சுக்கும். வெள்ளைத் தாள்ல பென்சிலால சுத்தி வரைஞ்சு கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி, மடிப்புல பொடியுதுன்னீங்களே, பின்னாடி மெல்லிசு ஃபியூசிங் (சூட்டுல ஒட்டுற துணி) வச்சு லேசா இஸ்திரி போட்டா தாங்கும். நான் என் மாமியார் மாதிரிக்கு அப்படித்தான் செஞ்சேன்.

பெரியக்கா சொன்னதுல பாதிதான் நான் ஒத்துக்குவேன். துணிக்கே வேணாம்னு சொல்லக் கூடாது. பெரிய பீஸுக்கு வேணாம், சரி. கழுத்துக்கு? நான் அதிகமா வெட்டுறது கழுத்து விறைப்பா நிக்க உள்ள வைக்கிற கேன்வாஸ்தான். பானைக் கழுத்து, இலைக் கழுத்து, பின்னாடி திறப்பு வைக்கிறது, எல்லாமே 8க்கு 10க்குள்ள அடங்கிடும். கையால வெட்டினா இடமும் வலமும் நூல் அளவு வித்தியாசம் வரும், பானைக் கழுத்துல அந்த நூல் அளவு முதுகு முழுக்கத் தெரியும். மெஷின்ல ஒரு பாதி வரைஞ்சு, அதையே திருப்பிப் போட்டுச் சேர்த்துட்டா முடிஞ்சுது. 12 பிள்ளைங்க நடன உடுப்புக்கு ஒரே மாதிரி 12 கழுத்து வேணும்னா இதை விட்டா வேற வழி எனக்குத் தெரியல.

பாவாடை ஓரத்துல ஒட்டித் தைக்கிற மாங்காயும் இதுலதான். உங்க மேக்கர்ல மாங்காய் சின்னதா இருந்தா உருளுற கத்தியைப் போடாதீங்க, முக்கால் அங்குலத்துக்குக் குறைஞ்ச உருவத்துல அது திரும்ப முடியாம மேட்டையே கீறும். துணிக்குப் பின்னாடி ஒட்டுத்தாளை இஸ்திரி போட்டு ஒட்டிட்டு, அதுக்குன்னு இருக்கிற கத்தியைப் போடுங்க.

அப்புறம் அந்த ரோஸ் மேட்டை உள்ளங்கையால தடவாதீங்க, கை எண்ணெய்ல பசை சீக்கிரம் போயிடும். நூல் பிசிறு கொஞ்சம் ஒட்டியிருந்தா விட்டுடுங்க, அதைச் சுரண்டிச் சுரண்டியே முதல் மேட்டை நான் தீர்த்தேன்.


செந்தூல் பெரியக்கா எழுதியது:

கழுத்து கேன்வாஸ், ஒத்துக்கிறேன். அது நல்ல யோசனை. மருமககிட்ட சொல்றேன்.


கோட்டுக்காரன் (செராஸ்) எழுதியது:

பெரியக்கா அட்டைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல எபனேசர் பட்டரிக்னு ஒரு தையல்காரர், 1863ல அளவு வாரியா மாதிரி வெட்டி விற்க ஆரம்பிச்சவர். அவரும் முதல்ல கெட்டி அட்டையிலதான் வெட்டிப் பார்த்திருக்கார். தபால்ல மடிச்சு அனுப்ப முடியலன்னு மெல்லிசுத் தாளுக்கு மாறினார். வீட்டுக்குள்ளேயே வச்சுக்கிறதுக்கு அட்டைதான் சரி.

துணி மேல பேனாவால டார்ட் வரைய ஆசை வந்தா, தண்ணியில போற மைப் பேனாதானான்னு பார்த்துக்குங்க. அந்தக் கோடு போகுறதுக்கு முன்னாடி சூட்டோட இஸ்திரி வச்சா மை துணியிலேயே தங்கிடும்.


ஆயர் ஈத்தாம் ஊசிநூல் எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். எட்டு ரவிக்கை கொடுக்க வேண்டியிருந்துச்சு.

மகன் கோப்பைத் திருத்தி அனுப்பினான். ஏத்தினேன், சதுரத்தைத் தொட்டேன், 2. அப்பவும் நம்பிக்கை வரல. மணிலா அட்டையில முதல்ல கை பீஸ் மட்டும் வெட்டி, அம்மாவோட பேப்பர் மேல வச்சுப் பார்த்தேன். ஓரத்துக்கு ஓரம் சேர்ந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் மிச்சத்தை வெட்டினேன். பெரியக்கா சொன்ன மாதிரி தையல் கோட்டுலேயே நிறுத்தி, 34ல இருந்து 44 வரைக்கும் ஆறு அளவு. 36 அம்மாவோடது. மத்ததை நான்தான் கையால வரைஞ்சு சித்தி மககிட்ட கொடுத்தேன். கணக்குப்படி பெரிசாக்கிக்கலாம்னு அவ சொன்னா, வேணாம்னுட்டேன். 44 மார்புன்னா தோளும் அதே கணக்குல அகலமாகாதே.

ஒவ்வொரு அட்டையிலயும் டார்ட் நுனியில சின்ன ஓட்டை போட வச்சிருக்கேன், சாக்பீஸ் முனை போற அளவுக்கு. அது பெரிய சுகம். முன்னாடி ஒரு ரவிக்கைக்கு அளவு போட்டுக் கோடு வரையவே அரை மணி ஆகும், இப்போ துணி மேல அட்டை, அட்டை மேல ரெண்டு சார்டின் டின், சுத்தி ஒரு கோடு. மூலையில ஓட்டை போட்டு, அளவு வாரியா கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருக்கேன். மகன் வீடியோ கால்ல பார்த்துட்டு "இவ்வளவு மெஷின் வாங்கித் தந்தா அட்டை வெட்டி ஆணியில தொங்க விட்டிருக்கீங்களே"ன்னு சிரிக்கிறான்.

கத்தரியை லெபுப் பாசார் பக்கம் ஒருத்தர்கிட்ட சாணை பிடிச்சேன். "இதுல மரமா வெட்டுனீங்க?"ன்னு கேட்டார். பேப்பருக்குத் தனிக் கத்தரி வாங்கியாச்சு, பிடியில சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கேன். விரல் முழுசா விடல, ஆனா ராத்திரி குத்துறது குறைஞ்சிருக்கு.

முக்கால் அளவுல வெட்டின அந்த லைனிங்கை வீசல. எதிர் வீட்டுப் பொண்ணு ஏழு வயசு, ஒல்லி. அவ பட்டுப் பாவாடைக்குச் சட்டை உள் துணியா கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் கொடுத்துட்டேன், பொருந்திடுச்சு.

பட்டர்வொர்த் தங்கச்சி, சனிக்கிழமை வரலாமா? பானைக் கழுத்து கோப்பு இருந்தா அதையும் கேட்டு வாங்கிக்கலாம்னு இருக்கேன். வரும்போது அம்மா மாதிரியை வெள்ளைத் தாள்ல வரைஞ்சு எடுத்துட்டு வர்றேன்.


பட்டர்வொர்த் பாவாடை எழுதியது:

வாங்க அக்கா, சாப்பாடு இங்கதான். சதுரத்தை மறக்காம வரைஞ்சுட்டு வாங்க, ஸ்கேன் பண்ணினதும் அதையும் அளந்து பார்த்துடுவோம்.